அக்காவுக்கு வந்த 'ஹ்ம்'

முன்பின் தெரியாதவர்களின் கோபத்தை நாளெல்லாம் வாங்கிக்கொள்வதுதான் என் அக்காவுக்கு வேலை. இணையத்தில் வாங்கிய செருப்போ மிக்சியோ கோளாறு என்றால் ஆட்கள் எழுதுவார்கள். வீட்டு முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் அக்கா பதில் எழுதுவாள். 'ஓகே' என்று வந்தால் ஆள் சமாதானம். வெறும் 'கே' என்றால் உள்ளுக்குள் கொதிக்கிறார். 'வாவ்' என்றால் நக்கல்.

அப்படிப்பட்டவள் அன்று ஒரு 'ஹ்ம்'மைப் பார்த்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு வந்து உட்காரச் சொல்கிறது கம்பெனி. 'வர முடியாது சார், இங்கிருந்தே செய்கிறேன்' என்று, வாடிக்கையாளர்களோடு பேசும் அதே சாட் பெட்டியில் டீம் லீடருக்கு எழுதியிருந்தாள். அதற்கு அவர் போட்ட பதில் அது.

"ஹ்ம்னா என்னடா அர்த்தம்?"

"எருமை மூச்சு விட்டா வர்ற சத்தம்."

"அம்மா, இவனைப் பாரும்மா!"

"அவன்கிட்ட போய்க் கேக்குற பாரு," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அக்கா ஜன்னல் வரை நடந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். நான் ஃபேனை நிறுத்தினேன், போட்டேன், மறுபடி நிறுத்தினேன். அவள் போய்விட்டால் அவள் உட்காரும் சுழல் நாற்காலி எனக்குத்தான் என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கு நன்றி சொல்லப் போனாள். வேலையில் தேங்க் யூவுக்கு 'டி.ஒய்.' என்று இரண்டு எழுத்து தட்டினால், வாடிக்கையாளருக்கான முழு வாக்கியமும் தானாக வந்து விழும். கைப்பழக்கம், தட்டிவிட்டாள்.

'உங்கள் குறை தீர்ந்ததில் மகிழ்ச்சி. இந்த உரையாடல் முடிந்தது.'

பெட்டி மூடிக்கொண்டது. அவள் பக்கமிருந்து திறக்க முடியாது.

"ஐயையோ! நானே முடிச்சு வச்சுட்டேன்டா!"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று நிறுத்திய ஃபேனைப் போட்டுவிட்டேன். "டீ போட்டுத் தரட்டா?" என்றேன்.

"நீயா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

உரையாடல் மூடினால், 'எங்கள் சேவை எப்படி?' என்ற கேள்வி எதிராளிக்குத் தானாகப் போகும். டீம் லீடருக்கும் போயிருக்கிறது. திரையையே பார்த்தபடி அக்கா பாதி டீ குடிப்பதற்குள் பதில் வந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கீழே: 'லோல். என் குறை தீரலம்மா. சரி, ஆறு மாசம் வீட்லயே இரு. அப்புறம் பாப்போம்.'

"யெஸ்!" அக்கா போட்ட கத்தலில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு நாற்காலி எனக்கு," என்றேன்.

"ஹ்ம்," என்று என் தலையைக் கலைத்துவிட்டாள்.

அவள் மிச்சம் வைத்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். ஒரே உப்பு. இந்தத் தடவை வேண்டுமென்று போடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?