மூடாமலும் திறக்காமலும்

மொன்டானாவில் டிராக்டர் மெக்கானிக்கான டார்வின் ஹாகனுக்கு, எட்டு வருடம் காத்திருந்த பிறகுதான் எல்க் மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. பெரிய மான் ஒன்று நூறு கஜத்தில் நின்றபோது, பழைய கூட்டில் மருந்து நிரப்பி அவன் வீட்டிலேயே செய்த தோட்டா ரைபிளுக்குள் பாதியில் இறுகிக்கொண்டது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

"கல்லால தட்டிப் பாக்கவா?" என்று கிசுகிசுத்தான்.

"வேணாம், உள்ள வெடிமருந்து இருக்கு," என்றாள் கூடவே வேட்டைக்கு வந்திருந்த மனைவி லோரீன். "உங்க அண்ணன் துப்பாக்கியில சுட்ட காலிக் கூடுதானே? அது அவர் துப்பாக்கி அளவுக்கு விரிஞ்சிருக்குமே. கூட்டோட வாயை மட்டும் நெருக்கிட்டு, உடம்ப அப்படியே விட்டுட்டியா?"

மான் நிதானமாக மரங்களுக்குள் போனது.

குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி, கீழே வைக்கவும் பயந்து, ஆறு மைல் இறங்கி ஊருக்கு வந்தான். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, அவன் விரல்கள் பிரிய மறுத்தன. லோரீன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.