நைனாவின் பதினோரு வார்த்தைகள்

மண்ணெண்ணெயும் சலவைத்தூளும் கலந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பீன்யாவில் தகடு வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையில் ஹெல்பராக இருந்த என் அப்பா, அவரை நான் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன், இரண்டு பஸ் மாறி மாலை ஏழேகாலுக்கு அல்சூர் வந்து சேர்ந்ததும் முற்றத்துக் குழாயடியில் குந்தி, கைகளில் மண்ணெண்ணெய் தேய்த்து, அதன்மேல் சலவைத்தூளைப் போட்டு, நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் போகும்வரை கழுவிவிட்டு, என் இங்கிலீஷ் புத்தகத்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்காருவார். நான் மூன்றாம் வகுப்பு, வயது எட்டு. நான் டீச்சர், அவர் மாணவர். அந்த ஏற்பாடு ஓர் ஆடி மாதத்தில் தொடங்கி, ஆயுத பூஜைக்கு அடுத்த புதன்கிழமை முடிந்தது.

அந்த ஆடியில்தான் பட்டறைக்குப் புதிய பிரஸ் மிஷின்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. பழைய மிஷின்களில் ஒரு கால்மிதியும் கைப்பிடியும் மட்டும் இருக்கும். புதியவற்றில் முகப்பு முழுக்க இங்கிலீஷ் எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர்களை ஆபரேட்டராகப் போடுவோம், தெரியாதவர்களைத் தீபாவளிக்குள் நிறுத்திவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நைனா குடியாத்தம் பக்கத்திலிருந்து பத்து வயதில் வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தமிழில் கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் கோலம் போடுவதுபோலக் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பார்.

அவரோடு வேலை பார்த்த முனியப்பா அண்ணன் ஏழாவது வரை படித்தவர். முதலில் வந்திறங்கிய புது மிஷினின் முகப்பில் இருந்த வார்த்தைகளை அதே வரிசையில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினொன்று. ஆன், ஆஃப், செட், ரன், ஜாக், கட், ஹாட், டாப், அப், லிட், பின். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறவை.

எங்கள் பள்ளியில் 'மிஸ்' சொல்லிக்கொடுத்தபடியே நானும் சொல்லிக்கொடுத்தேன். அங்கே ஐம்பது பேர் ஒரே குரலில் "சி ஏ டி கேட், கேட்டுன்னா பூனை" என்று ராகம் போடுவோம். சி, ஏ, டி மூன்றையும் எப்படிச் சேர்த்தாலும் 'கேட்' வராது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஓசை வேறு என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதுமில்லை. நான் எப்படியோ படிக்கக் கற்றிருந்தேன். எப்படி என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. ஆகவே மர ஸ்கேலால் தாளைத் தட்டி, "எஸ் ஈ டி செட், ஆர் யூ என் ரன்" என்று நான் சொல்ல, நைனா கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வார். அடுப்பருகிலிருந்து அம்மா, "இன்னா டீச்சரம்மா, ஸ்டூடண்ட் ஒழுங்கா படிக்கிறானா, முட்டி போட வெக்கணுமா?" என்பாள். நைனா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அவருடைய ஞாபகசக்தி பெரியது. நகரத்து பஸ் நம்பர்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்றாவது வாரத்தில் பதினோரு வார்த்தையையும் மேலிருந்து கீழ் விரல் வைத்து ஒரு தடங்கலும் இல்லாமல் ஒப்பித்தார். எங்கள் முற்றத்தைச் சுற்றியிருந்த ஆறு வீட்டாரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "உன் பொண்ணு வாத்தியாராவே பொறந்திருக்குது" என்று எதிர்வீட்டு அத்தை சொன்னதை அம்மா வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகாளய அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு நானும் நைனாவும் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினோம். ஏரிக்குப் போகும் தெருமுனையில் ஒரு பேக்கரி. வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் 'ஹாட் பன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஹாட் எங்கள் தாளில் ஏழாவது வார்த்தை. படியுங்கள் என்று பெருமையாகக் காட்டினேன். நைனா பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே அடுக்கியிருந்த ரொட்டிகளைப் பார்த்துவிட்டு, "பேக்கரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதே பதினோரு வார்த்தைகளை என் ரஃப் நோட்டில் வரிசை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ரன் மேல் விரலை வைத்துக்கொண்டு 'செட்' என்றார்; நான் எழுதியதில் மூன்றாவது ரன், பழைய தாளில் மூன்றாவது செட். அடுத்ததும் தவறு. அதற்கு மேல் அவர் முயலவில்லை. அம்மா குழாயடியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மாத்திப் போட்டா எனக்கு வராது பாப்பா. மெசின்ல எவன் மாத்திப் போடப் போறான்? அம்மாகிட்ட சொல்லாத."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. சூப்பர்வைசர் வைக்கப்போகும் தேர்வுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் வேறெப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'டீச்சரம்மா' என்ற பெயரை இழக்கவும் மனமில்லை. ரஃப் நோட்டில் எழுதிய அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். மீதி நாட்களில் பழைய வரிசையிலேயே ஒப்பிக்க வைத்தேன்.

புதன்கிழமை சூப்பர்வைசர் மிஷின் முன்னால் நிறுத்தி, மேலிருந்து கீழாகவே கேட்டாராம். நைனா சொல்லிவிட்டார். ஆபரேட்டர் ஆனார். அம்மா தெருவெல்லாம் பேடா கொடுத்தாள்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பொங்கல் முடிந்த வாரம் வியாழக்கிழமை, பக்கத்து மிஷின் ஆபரேட்டர் லீவு போட்டதால் நைனாவை அதில் நிறுத்தினார்கள். அது வேறொரு கம்பெனியில் செய்தது. நைனாவின் மிஷினில் விசையை இடப்பக்கம் திருப்பினால் 'செட்', அதாவது தகட்டை அழுத்தும் தலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும்; வலப்பக்கம் 'ரன்', முழு வேகத்தில் அடிக்கும். இதில் இடம் மாறியிருந்தது. வார்த்தைகள் அந்தந்தப் பக்கத்துக்கு மேலேயே, வெள்ளைப் பெயின்டில், பளிச்சென்று எழுதியிருந்தன. சிக்கிய தகட்டை எடுக்க, நைனா எப்போதும்போல் விசையை இடப்பக்கம் திருப்பிவிட்டு வலது கையை உள்ளே விட்டார்.

பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப்போனது முனியப்பா அண்ணன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று விரல்கள் போயிருந்தன, பெருவிரலில் பாதி.

மறுநாள் சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கெட்ட மனிதரல்ல. ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கன்னடத்தில் பேசினார். உனக்குப் படிக்க வரும்தானே, பிறகு எப்படி நடந்தது என்று கேட்டார். வராது என்றால் ஏமாற்றி வேலைக்கு வந்தவர். வரும் என்றால் கவனமில்லாமல் கையை விட்டவர். எப்படிச் சொன்னாலும் தவறு நைனாவுடையது. அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். நான் கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பருத்தே சார்" என்றார் நைனா. வரும் சார்.

கவனக்குறைவு என்று எழுதி, அவருடைய இடது பெருவிரலை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் மாற்று மிஷினில் நிறுத்தியது அவர்கள் தவறென்றாவது வாதாடியிருக்கலாம் என்று முனியப்பா அண்ணன் பிற்பாடு கடிந்துகொண்டார். "அப்புறம் யார் சொல்லிக் குடுத்தான்னு புள்ளைய கூப்ட்டு கேப்பாங்க" என்று மட்டும் சொல்லி நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாட்ச்மேனாக இருந்தார். வருகிறவர்களையே பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடுவார். இன்று அந்தப் பட்டறை இல்லை; அந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் கிடங்கு நிற்கிறது. பேக்கரியை இடித்து மொபைல் கடை ஆக்கிவிட்டார்கள். எங்கள் முற்றமும் குழாயடியும் நாலு மாடிக் கட்டடத்துக்கு அடியில் போயின. முனியப்பா அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை, என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வீட்டில் பிள்ளைகளுக்கு எப்படி வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என்று அந்த இளம் டீச்சர் மூன்று அட்டைகளை வைத்துக் காட்டினார். எழுத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்து அதன் ஓசையை மட்டும் 'ர்... அ... ன்' என்று தனித்தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொன்னார். ஒரு எழுத்தை மாற்றி வைத்து எங்களைப் படிக்கச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் மெட்ரோவிலேயே தேடிப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த முறை அது.

மறுநாள் மாலை மகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நைனா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, பேத்தி ஓசைகளை ஒட்டவைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கண்டுபிடிப்பதை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் புது அட்டை எடுக்கப் போன நேரத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது அப்பவே இருந்துதா?"

"இல்ல நைனா. இப்பத்தான் வந்திருக்கு."

"அதான பாத்தேன்" என்று மூச்சுவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.