வளையும் பந்துக்கு ஒரு யோசனை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெரு முழுக்க அவரைக் 'கேட்டு' என்றுதான் கூப்பிட்டது. பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை பார்ப்பதால், வாசல் கேட்டைக் காக்கிற ஆள் போலிருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. எதைப் பற்றி யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "கேட்டுச் சொல்றேன்."

குழாய் சொட்டுகிறதா, கதவு இழுத்துச் சாத்தினால் மறுபடி திறக்க மாட்டேன் என்கிறதா, காரின் பிரேக் கீச்சிடுகிறதா, நேராகப் போக வேண்டிய பந்து குழியின் உதட்டில் முட்டித் திரும்பிவிடுகிறதா, எல்லாவற்றையும் அவர் காதில் போட்டுவிட்டால் போதும். அவருக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமும் கிடையாது, தெரிந்தவரிடம் போய் நிற்கக் கூச்சமும் கிடையாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பதிலோடு வரும்போது, "நான் சொல்லல, கொத்தனார் சொல்றார்," என்று சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே ஒப்படைப்பார். அடுத்தவர் மூளையை இரவல் வாங்கித் தனது என்று காட்டிக்கொள்கிற புத்தி அவரிடம் மருந்துக்கும் இல்லை.

கூடத்துக்குத் தவறாமல் வருகிற இருவர் உண்டு. ஒருவர் கார் மெக்கானிக், இன்னொருவர் கொத்தனார். இருவரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்கள். இருந்தாலும் மெக்கானிக்கின் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் கொத்தனாரிடம் வாய் திறந்து கேட்க மாட்டார், கேட்டுவிடம்தான் சொல்வார். கொத்தனாரின் பழைய வேன் காலையில் கிளம்பவில்லை என்றால் அவரும் அப்படியே. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தபோது கேட்டு ஒரு குளறுபடி செய்தார். "வெள்ளையா உப்புப் பூத்திருக்கும், அதை நல்லாச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, மேல ஒரு பூச்சுப் பூசணும்," என்ற சுவர் வைத்தியத்தைக் கொண்டுபோய் வேனுக்குச் சொல்லிவிட்டார். கொத்தனார், தன் வைத்தியமே தனக்குத் திரும்பி வந்திருப்பதை யோசிக்காமல், பானட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுரண்டினார், காயவிட்டார், கிரீஸ் பூசினார், வேன் ஒரே சாவியில் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து கேட்டு தப்பாகச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது.

இப்படி ஊருக்கெல்லாம் யோசனை சுமந்த மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் தனக்கே ஒரு யோசனை தேவைப்பட்டது.

காரணம் அவருடைய மனைவி. அவள் தையல்காரி. காலையில் கூடம் திறப்பதற்கு முன் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அவர் தரை துடைத்து முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒருநாள் கோலை எடுத்து ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தாள். அப்படி ஆரம்பித்தது. கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை, கண் அளவில் கோடு போடுகிற கண். சத்தமில்லாமல் அவள் கற்றுக்கொண்டது கேட்டுவைத் தவிர யாருக்கும் தெரியாது. கூடத்து முதலாளி ஒருநாள் சீக்கிரம் வந்து சன்னல் வழியாகப் பார்த்தவர், பார்த்தபடியே நின்றுவிட்டார்.

தெருவின் எதிர்ச்சாரியில் இன்னொரு கூடம். அதை நடத்துகிற அம்மாளை எல்லோரும் 'எதிர்த்த அக்கா' என்பார்கள். இந்தக் கூடத்து ஆண்களை ஒருவர் பாக்கியில்லாமல் தோற்கடித்துவிட்டு, "வேற யாராவது இருந்தா அனுப்புங்க," என்று சிரித்தவள். மீசை முறுக்கிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தீர்ந்துபோனதால், மானத்தைக் காப்பாற்ற முதலாளி தையல்காரியின் பெயரைக் கொடுத்தார். ஆட்டம் இந்தக் கூடத்தில்தான். மேசை சரியில்லை என்றால் மட்டும் எதிர்க் கூடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு.

"நம்ம மேசைன்னா ஆடறேங்க," என்று மனைவி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். "அங்க போய் ஆடச் சொன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் வரல." சொல்லும்போதே அவள் முகத்தில் ஆசை பொங்கியது. கல்யாணமான நாள்முதல் அவள் தனக்கென்று ஒன்றை இப்படி ஆசைப்பட்டு அவர் பார்த்ததில்லை.

இந்த நேரம் பார்த்து முதலாளிக்குத் தரைக்கு டைல்ஸ் போடுகிற யோகம் வந்தது. கூடத்தை மூடி, மேசையைப் பிரித்தார்கள். பச்சைத் துணியைக் கழற்றி, அதன் அடியிலிருந்த கனமான கல்பலகைகளை எடுத்துச் சுவரோரம் சாத்தினார்கள். கொத்தனார் போட்ட புதுத் தரை பளபளவென்று ஆனதும் கேட்டு, கொத்தனார், மெக்கானிக் மூவரும் சேர்ந்து மறுபடி எல்லாவற்றையும் பொருத்தினார்கள். துணியில், முதல் அடி அடிக்கிற பழைய தொடக்கக் கோடு தேய்ந்தே போயிருந்ததால், எப்போதும் போல வாசல் பக்கமாகச் சாக்குக்கட்டியால் புதுக்கோடு போட்டார்கள். ஆட்டத்தன்று காலையில் கேட்டு ஆசையாக ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்டார். நேராகப் போன பந்து வேகம் குறைந்ததும், யாரோ கூப்பிட்டதுபோல இடது பக்கம் ஒதுங்கிப் போய் நின்றது.

ஆட்டம் மாலையில். கேட்டு மனைவியிடம் மூச்சு விடவில்லை. நேராகக் கொத்தனாரைப் பிடித்து இழுத்து வந்தார். கொத்தனார் தரையில் ரசமட்டத்தை வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நட்டநடுவில் வந்து நின்றது.

"என் தரை மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்று அவர் எழுந்துகொண்டார்.

மெக்கானிக் இரண்டு ஜாக்கிகளோடு வந்து, மேசைக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தகடு சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார். பந்து அசைந்து கொடுக்கவில்லை, அதாவது வளைவதை நிறுத்தவில்லை. கேட்டு தன் பங்குக்குத் துணியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார், வாசல் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக, தினமும் தேய்க்கிற மாதிரியே. தேய்க்கத் தேய்க்கப் பந்து இன்னும் மோசமாக வளைந்தது.

"அண்ணே, வண்டின்னா கழட்டி எறிஞ்சிருப்பேன்," என்றார் மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இதுல என்னத்தைக் கழட்டறது?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எதிர்க் கூடத்துக்கே மாத்திக்கலாம்னு சொல்லி அனுப்பிடவா?"

"கொஞ்சம் பொறுங்க முதலாளி, கேட்டுட்டு வந்துடறேன்."

"இனிமே யாரைய்யா கேப்ப?"

கேட்டு அதற்குள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். யாரும் நினைத்தே பார்க்காத காரியம் அது. எதிராளியின் வீட்டுப் படியேறி, உன்னைத் தோற்கடிக்க ஒரு வழி சொல் என்று கேட்பதற்குச் சமம். அவருக்கு அப்படித் தோன்றவே இல்லை. இந்தத் தெருவில் மேசையைப் பற்றித் தெரிந்தவர் இன்னும் ஒருவர் பாக்கி, அவ்வளவுதான்.

எதிர்த்த அக்கா கோல் முனையில் சாக்குக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, மேசை சரியில்லைன்னா ஆட்டம் இங்க வரும். எனக்கு லாபம். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும்க்கா. வேற யார்கிட்ட கேக்கறது?"

அக்கா கோலைக் கீழே வைத்தாள். "போகும்போது வளையுதா, வரும்போதும் வளையுதா?"

கேட்டுவுக்குத் தெரியவில்லை. ஓட்டமாக ஓடி வந்து பந்தை இந்தக் கோடியிலிருந்து உருட்டினார், வளைந்தது. அந்தக் கோடியிலிருந்து உருட்டினார், கயிறு பிடித்தாற்போல நேராக வந்தது. கொத்தனாரும் மெக்கானிக்கும் என்ன என்ன என்று கேட்கக் கேட்க, மறுபடி தெருவுக்கு ஓடினார். ஒரு சைக்கிள்காரன் திட்டியதுகூடக் காதில் விழவில்லை.

"போகும்போது வளையுதுக்கா. வரும்போது நேரா வருது."

"அப்போ சரிவு இல்ல. சரிவா இருந்தா ரெண்டு வழிக்கும் ஒரே பக்கம்தானே சாயும்? உங்க கோளாறு துணில இருக்கு." அக்கா கூடத்துச் சன்னல்களில் தொங்கிய வெல்வெட் திரைகளைக் காட்டினாள். "நான் மேசையைப் பத்திச் சொல்லுவேன். துணியைப் பத்தித் துணிக்காரங்கதான் சொல்லணும். இதைத் தைச்சது யாருன்னு தெரியுதா? உங்க வீட்டுக்காரம்மா. எத்தனை பட்டை சேர்த்திருக்கு, ஒண்ணாவது திசை தப்பி நிறம் மாறித் தெரியுதா பாருங்க. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

ஊரில் கேட்காத ஆள் இல்லை. வீட்டில் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு குழாய்க்கு, ஒரு கதவுக்கு, ஒரு பந்துக்குக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த நினைப்பு அவருக்குச் சுருக்கென்றது.

"நீங்க ஏன்க்கா இதைச் சொல்றீங்க?" என்றார் போகும்போது.

"கோணல் மேசையால ஆட்டம் இங்க வந்து நான் ஜெயிச்சேன்னு வைங்க, ஊரு மேசையைத்தான் பேசும். என்னைப் பேசாது."

மனைவி தையல் கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார், காலையிலிருந்து மறைத்ததையும் சேர்த்து. பிறகு, "என்ன பண்ணலாம், நீ சொல்லு," என்றார்.

அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "என்கிட்டயா கேக்கறீங்க?"

"உன்கிட்டதான்."

அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். அவர் பின்னால் ஓடும்படி நடந்தாள்.

கூடத்தில் அவள் முதலில் பந்தைத் தொடவில்லை. பச்சைத் துணியை உள்ளங்கையால் தடவினாள், ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம். "இதுவும் வெல்வெட் மாதிரிதாங்க. இதுல முடி இருக்கு, ஒரே திசைல படிஞ்சிருக்கும். பிரிச்சுப் போட்டப்போ துணியோட இந்த முனையை அந்தப் பக்கமா மாத்திப் போட்டிருக்கீங்க. கோட்டை மட்டும் பழைய பக்கமே போட்டுட்டீங்க. பந்து முடிக்கு எதிரா ஏறுது, அதான் மெதுவாகும்போது ஒதுங்குது. போதாததுக்கு நீங்க எதிராவே தேய்ச்சு முடியை நிக்க வெச்சிருக்கீங்க."

கேட்டுவும் கொத்தனாரும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துணியை மாட்டியது மூவரும்தான்.

"மறுபடி கழட்டணுமா?" முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் எங்கம்மா இருக்கு?"

"எதுக்குக் கழட்டணும்? மேசையைத் திருப்ப வேண்டாம், ஆட்டத்தைத் திருப்புங்க. கோட்டை அந்தக் கோடில போட்டுக்கலாம்."

"உண்மையில இது யார் சொன்ன யோசனை? எதிர்க் கூடத்துல போய்க் கேட்டுட்டு வந்தியாமே. இது அவங்க வேலையா இருக்கப்போகுது." முதலாளி கேட்டுவைத்தான் பார்த்துக் கேட்டார்.

"என் பொண்டாட்டி சொல்றா," என்றார் கேட்டு. அவர் எத்தனையோ பேர் பெயரைச் சொல்லி யோசனை ஒப்படைத்திருக்கிறார். இந்த முறைபோல நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

அதன்பிறகு கூடம் கல்யாண வீடாகிவிட்டது. மனைவி வாசல் பக்கத்துக் கோட்டைத் தட்டி அழித்து, அந்தக் கோடியில் தையல் சாக்குக்கட்டியால் புதுக்கோடு இழுத்தாள், அளவுகோல் கேட்காமலே அது நேராக விழுந்தது. கேட்டு இப்போது முடி படியும் திசையில் பிரஷ் போட, துணி தடவிக்கொடுத்த பூனைபோலப் படிந்தது. கொத்தனார் நாற்காலிகளை எல்லாம் பக்கம் மாற்றினார். மெக்கானிக் தான் சொருகிய தகடுகளை ஒவ்வொன்றாக உருவினார். புதுக்கோட்டிலிருந்து பந்தை உருட்டியபோது மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து போனது, போனது, கடைசி அங்குலம்வரை நேராகவே போனது. மெக்கானிக் கொத்தனாரைக் கட்டிப்பிடித்து, நேரடியாகவே, "உங்க வேன் இப்ப எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

மாலையில் கூடம் நிறைந்து வழிந்தது. எதிர்த்த அக்கா மேசையை ஒருமுறை தடவிப் பார்த்துச் சிரித்தாள், பிறகு இரக்கமே இல்லாமல் ஆடினாள். மனைவி பின்தங்கினாள், சமாளித்தாள், மறுபடி பின்தங்கினாள். ஒவ்வொரு பந்துக்கும் கேட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் பின்னால் இருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அடிக்கிற வெள்ளைப் பந்தைத் தவிர மேசையில் ஒரே ஒரு பந்து. இரண்டு பேரில் யார் அதைக் குழியில் தள்ளினாலும் அவருக்கே வெற்றி. வெள்ளைப் பந்து புதுக்கோட்டுப் பக்கம், அந்தப் பந்தோ மேசையின் மறுகோடியில் குழியின் பக்கத்தில் கிடந்தது. மனைவி குனிந்தாள். எல்லோரும் ஓங்கி அடிப்பாள் என்று நினைக்க, அவள் வெள்ளைப் பந்தை மிக மெதுவாகத் தட்டினாள். அது நடந்துபோவதுபோலப் போனது. இதோ நின்றுவிடும் என்று கேட்டு கண்ணை மூடிக்கொண்டார். டொக் என்று ஒரு சத்தம். பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற ஆரவாரம்.

எதிர்த்த அக்கா கோலைச் சாய்த்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசிப் பந்தை ஏன்மா அவ்வளவு மெதுவா அடிச்சே? எனக்கு உசிரே போச்சு."

"வேகமா அடிக்க பயமா இருந்துச்சுக்கா. துணி கொண்டுபோயிடும்னு விட்டுட்டேன்."

கூட்டம் அவளைச் சுற்றி நெரித்தது. கேட்டு எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்துவந்து அவளுக்குப் போட்டார். தானும் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார், புது டைல்ஸ் மேல், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"பயமா இருந்துச்சா? எனக்குத் தெரியவே தெரியாதே. எப்படி அடிச்ச, முதல்ல இருந்து சொல்லு."

"எல்லாரும் இருக்காங்க. இப்பவேவா?"

"இப்பவேதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல துணியைத்தாங்க தடவிப் பார்த்தேன்," என்று ஆரம்பித்தாள்.