கோடு படுத்திருந்த மூன்று நிமிடம்

மதுராந்தகத்திலிருந்து மறைமலைநகருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். ஒரு காலை, பாலாற்றுப் பாலம் தாண்டிய நிறுத்தத்தில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் பெரும் சத்தம். ஓடிப் பார்த்தால், பைக்கில் வந்தவர் பஸ்ஸின் பின்பக்கம் மோதிக் கிடந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிப்போகும் வரை பஸ்ஸை நகர்த்தவில்லை.

மூன்றாம் நாள் போக்குவரத்து மேலாளர் கூப்பிட்டார். வேகமாக வந்த பஸ் சட்டென்று பிரேக் போட்டதாகப் போலீசில் பைக்காரர் சொல்லியிருந்தார். மேசையில் ஒரு தாள். பஸ்ஸில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி வரைந்த கோடு அதில்.

"மோதினது ஆறு இருபத்தஞ்சுக்கு. கடை கேமராவுல பஸ் தெரியல, மோதின சத்தம் மட்டும் நேரத்தோட இருக்கு. அந்த நேரத்துல கோடு உச்சியில நிக்குது பாருய்யா! எவ்ளோ ஸ்பீடு!"

"வண்டி நின்னுகினு இருந்துச்சி சார்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

நின்றது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் நினைவின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. லைசென்ஸ் போகும், ஜெயில், வீட்டில் என்ன சொல்வேன்? தாளைக் கையில் எடுத்தேன்.

கீழே நேரம். பக்கவாட்டில் வேகம் இல்லை, தூரம். பிளஸ் ஒன் இயற்பியலில் தவறி மறுபடி எழுதியவன் நான். இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். தூரக் கோட்டில் உயரத்தைப் பார்க்கக் கூடாது, சாய்வைத்தான் பார்க்க வேண்டும்.

"சார், இது தூரம். ஆறு இருபத்திமூணுலேர்ந்து தாள் முடியற இருபத்தாறு வரைக்கும் கோடு படுத்துகினு கீது. இருபது கிலோமீட்டர்லயே கீது. ஓடற வண்டின்னா ஏறிகினே இருக்கணும்."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆமாய்யா," என்றார்.

மூச்சு வந்தது. அப்போதுதான் கண் சற்று இடதுபக்கம் போனது. படுப்பதற்கு முன் கோடு நன்றாக நிமிர்ந்து ஏறியிருந்தது. பதினாறிலிருந்து இருபது கிலோமீட்டர், மூன்று நிமிடத்தில். அப்படியென்றால் மணிக்கு எண்பது. கம்பெனி சொன்னது அறுபது. அன்று முதல் நிறுத்தத்தில் ஒருவர் தாமதமாக வந்ததால் அழுத்தியிருக்கிறேன். பின்னால் நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எண்பதில் போகிறோம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடி எண்பதுல வந்துகீறேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத நான் கேக்கவே இல்லியே!"

போலீஸ் என்னை விட்டுவிட்டது. கம்பெனி, அந்த எண்பதுக்காக, பஸ்ஸை என்னிடமிருந்து எடுத்துவிட்டு ஒரு மாதம் என்னை ஸ்டோர் வேலையில் போட்டது. பைக்காரர் தடியூன்றி நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

திரும்ப ஸ்டியரிங்கில் உட்கார்ந்த முதல் நாளே நேரமாகிவிட்டது. "அண்ணாத்த, கொஞ்சம் அழுத்து. கேட்டுல கார்டு பஞ்ச் லேட்டாயிடும்," என்று பின்னாலிருந்து குரல். கால் அழுத்த மறுத்தது. அறுபதிலேயே போனேன். நான்கு நிமிடம் தாமதம். இறங்கிய ஒவ்வொருவரும் திட்டிவிட்டுத்தான் போனார்கள்.