பரணிலிருந்து வந்த ஆமென்

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல என் மகளுக்கு நான் இன்னும் பழக்கவில்லை. மூன்று வயதாகிவிட்டது. கணவரும் இரண்டு முறை கேட்டுவிட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். ஜப்பான்காரன் காலத்தில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் நடந்த ஒரு மதியச் சாப்பாடுதான் காரணம்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பின், பஞ்சத்துக்குத் தேயிலைக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போன யாரும் அதுவரை திரும்பவில்லை. சிங்கப்பூரில் போதகர் படிப்பைப் பாதியில் விட்டு வந்திருந்த சித்தப்பா, லாரிச் சத்தம் கேட்டாலே பரணில் ஏறி விறகுக்குப் பின்னால் படுத்துக்கொள்வார்.

மற்ற நேரமெல்லாம் அவர் கையில் கிரேக்கப் புதிய ஏற்பாடு இருக்கும். ஒருநாள் ‘எதொஸ்’ என்ற சொல்லைக் காட்டினார். வழக்கம் என்று பொருளாம். இயேசு வழக்கம்போல ஒலிவ மலைக்குப் போனார் என்ற இடத்தில் அந்தச் சொல்தானாம்.

"காட்டிக்கொடுக்குறவனுக்கும் அந்த எடம் தெரியுமே. வேற பக்கம் போயிருக்கலாம்ல?" என்றேன்.

"தெரிஞ்சேதான் போனாரு. வழக்கம்னா யோசிக்காம செய்யறதுன்னு நெனச்சியா?"

எனக்கு அதில் அக்கறையில்லை. அவருடைய ஆமென்தான் வேடிக்கை. வாய்க்குள்ளேயே முனகுவார்.

"ஒங்க ஆமென் ஆண்டவருக்கே கேக்காது சித்தப்பா."

"அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் செவுடு."

அன்று அம்மா கிழங்கைத் தட்டில் போடும்போது லாரி வந்தது. சித்தப்பா பரணுக்கு ஏறினார். வாசலில் இரண்டு சிப்பாய்கள். கூடவே டவுனிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

"வீட்டுக்கு ஒரு ஆம்பள. ஒன் தம்பி எங்க, கிராணி?"

"தாப்பா டவுனுக்குப் போயிட்டான்" என்றார் அப்பா.

"அப்ப நீயே கெளம்பு லா."

அப்பா சட்டையை மாட்டினார். பொத்தான் கைக்கு அகப்படவில்லை. நிறைமாதமாக இருந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் என் வேலை. எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கண்ணை மூடிச் சொல்லி முடித்தேன்.

"ஆமென்!"

மேலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தபோது துப்பாக்கி பரணை நோக்கி நிமிர்ந்திருந்தது. அம்மா தன் வாயைப் பொத்தியிருந்தாள். சித்தப்பா கையை உயர்த்திக்கொண்டு, "தம்பி நான்தான். அண்ணன விட்டுடுங்க" என்று இறங்கினார். லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவேயில்லை.

பழக்க தோஷம், வாய் தவறி வந்துவிட்டது என்றே வீட்டில் சொன்னார்கள். என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் நான் ஜெபம் சொல்லாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் என் மகளின் கைகளைக் கூப்பவிடாமல் என்னைத் தடுத்து வந்தது.

போன வாரம் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே ஆமென் என்றார். பாதிதான் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழக்கத்தில் வரும் ஆமென் அப்படித்தான் வரும். சித்தப்பாவுடையதும் அப்படித்தான், அந்த ஒரு நாளைத் தவிர. அன்று வீடே அதிர்ந்தது. அப்பா பொத்தான் போட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்ன குரல் அது. அப்படித்தான் நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஏணியில் இறங்கியவரைப் பார்த்துக் கைதட்டினேன்.

"இன்னிக்குத்தான் நல்லாக் கேட்டுச்சு, சித்தப்பா!"