கொதிநீர் பம்பு

மௌலா அலிப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை. பாய்லருக்குக் கொதிநீர் ஏற்றும் பம்பு ஹவுஸில் நான் ஆபரேட்டர். அதே ஷிப்டில் என்னோடு இருந்தவர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் வட ஆற்காடு. நான் அவரை அண்ணே என்பேன்.

கொதிநீர் பம்புக்கு உள்ளே வரும் தண்ணீர் தடைபடவே கூடாது. தடைபட்டால் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவிக் குமிழிகளாகிவிடும். அவை உடையும் வேகத்தில் இரும்பே பெயர்ந்து வரும். வெளியே நிற்பவனுக்கு, உள்ளே யாரோ ஜல்லியைக் கொட்டினதுபோலக் கேட்கும்.

ஒரு கோடைக் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணன் உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைப் பார்த்தார். முள் இறங்கியிருந்தது.

"வடிகட்டி அடைச்சிருக்குப்பா. நிறுத்திட்டுக் கழுவணும்."

நிறுத்தினால் பாய்லரும் நிற்கும். மாற்று பம்பின் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தது. அண்ணன் இன்ஜினியருக்குப் போன் செய்தார்.

"ஹவ் சார், ஆமா சார்... புரியுது சார். ஆனா தாங்காது சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாய்லர் சூட்டை மெதுவா எறக்கறாங்களாம். அதுவரைக்கும் ஓட்டச் சொல்றாரு."

தண்ணீர் வெளியேறும் வால்வைக் கொஞ்சம் மூடினார். சத்தம் தணிந்தது. எனக்கு மூச்சு வந்தது. சற்று நேரத்தில் மறுபடி ஆரம்பித்து, தரையே அதிர்ந்தது. பம்பின் சுழல்தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைத்திருந்த பேக்கிங் வழியாக ஆவி சீறியது.

"போதும், நான் அணைச்சிடறேன். நீ கிட்ட வராதே," என்றார்.

ஸ்விட்ச் பம்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. எவன் அங்கே வைத்தானோ. அவர் பம்பைத் தாண்டும்போது பேக்கிங் பிய்த்துக்கொண்டு பறந்தது. வெள்ளையாக ஆவி மூடியதில் ஆளே தெரியவில்லை. மோட்டார் சத்தம் நின்ற பிறகுதான் அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டார் என்று தெரிந்தது. அவரை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சட்டையோடு தோலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பம்பைப் பிரித்தபோது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் செல்லரித்த மரம்போல இருந்தது. ஒருநாளில் வந்த அரிப்பில்லை அது. அதன்பின் ஸ்விட்சைக் கதவோரம் மாற்றினார்கள். ஆபத்தென்றால் ஆபரேட்டரே நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதற்காக மேலிடத்தில் சண்டை போட்டது அந்த இன்ஜினியர்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அண்ணிக்குக் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"முன்னாடியே சத்தம் வந்துச்சாமே தம்பி?"

"வந்துச்சு அண்ணி."

"அவரு சொன்னாரா?"

"சொன்னாரு. போன் பண்ணிச் சொன்னாரு."

அண்ணி தலையாட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர் டம்ளரை நீட்டினார். அவருக்கும் ஊற்றினார்.