கேம்ப் பாஸின் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே வளைகுடாவில் ரோலா கடைத்தெருவில் ஒரு சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், முன்பின் தெரியாதவர், தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா சார் இந்தக் கூத்த?" என்றார். ஊர்த் தேர்தல் சமாச்சாரம்தான். யாரோ ஒரு வேட்பாளர், யாரோ ஒரு மணல் வியாபாரியோடு தோளில் கை போட்டு நிற்கும் படம். தோளில் இருந்த கைக்கு ஆறு விரல். நான் அதைச் சுட்டிக் காட்டினேன். அவர் பெரிதாக்கி உற்றுப் பார்த்துவிட்டு, "விரல்தான் சார் தப்பு. விஷயம் உண்மையாத்தான் இருக்கும்" என்றார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்படிப் பொய்யாகச் சேற்றை வாரி இறைத்தால் ஓட்டு கூடுமா குறையுமா என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு அத்தனை படிப்பு போதாது. ஆனால் கூடவே இருந்து நடத்திய தேர்தல் ஒன்று எனக்கும் உண்டு. தொகுதி, குவைத்தில் மங்காஃபில் இருந்த ஒரு கட்டடக் கம்பெனியின் கேம்ப், அதாவது தொழிலாளர் குடியிருப்பு. பதவி, தமிழ் மெஸ்ஸின் செக்ரட்டரி. சிரிக்காதீர்கள். இன்று மதியம் என்ன குழம்பு என்று தீர்மானிக்கிற பதவி, நாள் முழுக்க வெயிலில் நின்று வருகிறவனுக்கு மந்திரி பதவியைவிடப் பெரியது.

முடி வெட்டி முடித்து சலூன்காரர் கழுத்தில் பவுடரைக் கொட்டியதும் எனக்கு அந்த கேம்பின் வெள்ளிக்கிழமைதான் வந்து நின்றது. அன்றைக்குத்தான் டூட்டி கிடையாது. எல்லாரும் தலைக்குக் குளித்து, துண்டு கட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் பவுடராக வராந்தாவில் திரிவார்கள். நாலு மாடிக்கும் அந்த மணம்தான். பதினொரு மணிவாக்கில் கீழே கிச்சனில் வத்தல் தாளிக்கிற புகை ஏறி வந்து பவுடரைத் தோற்கடித்துவிடும். உடனே தட்டுகள் கிளம்பும். எவர்சில்வர் தட்டு. ஊரிலிருந்து வரும்போதே பேர் பொறித்துக் கொண்டு வந்ததாக இருக்கும். சிலதில் மாமனார் பேர் இருக்கும், சீர்வரிசையில் வந்தது.

எங்கள் தேர்தல் முறையும் அந்தத் தட்டை வைத்துத்தான். வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், போட்டி போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு வைப்பார்கள். யாருக்கு ஓட்டோ அவர் ஸ்டூலில் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். எந்த அடுக்கு உயரமோ அவர் செக்ரட்டரி. ரகசியமாவது ஒன்றாவது, தட்டில்தான் பேர் இருக்கிறதே. மரியாதைக்காக வேட்பாளர்கள் இருவரும் தங்கள் தட்டை எதிராளி ஸ்டூலில் முதலில் வைப்பார்கள். இதற்கெல்லாம் தேர்தல் கமிஷனர் சிவநேசன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோரில் வேலை. இந்தியத் தமிழர்களின் சண்டையில் சொந்தபந்தம் இல்லாதவர் என்பதே தகுதி.

அந்த வருஷம் பதவியில் இருந்தவர் தங்கராசு. தூத்துக்குடிப் பக்கம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்களே, அந்த வாயோடு குவைத் வந்தவர். அவருடைய ஆட்சியில் சாம்பார் ஒன்றுதான் நிலையானது. திங்கட்கிழமை சாம்பாருக்கும் வியாழக்கிழமை சாம்பாருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவர் யாருமில்லை. அவரை எதிர்த்து என் ரூம்காரர் கோவிந்தராசு அண்ணனை நான்தான் நிற்க வைத்தேன். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், கம்பி கட்டுகிற வேலை. மீன் குழம்பு வாரத்தில் இரண்டு நாள், புழுங்கல் அரிசிச் சோறு என்பது எங்கள் தேர்தல் அறிக்கை. அதை அட்டையில் பெரிதாக எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். டைம்கீப்பர் ஆபீஸில் எடுபிடியாக இருந்த எனக்கு மார்க்கர் பேனா கிடைத்ததே அன்று பெரிய அதிகாரமாகத் தெரிந்தது.

கோவிந்தராசு அண்ணனுக்கு நிற்கவே பயம். "ஒரு சொல்லு வந்துரக் கூடாது தம்பி" என்பதுதான் அவர் அடிக்கடி சொல்வது. அவருடைய மைத்துனரும் அதே கேம்பில் மூன்றாம் மாடியில் இருந்தார். இங்கே தும்மினால் அங்கே ஊரில் அவர் வீட்டு வாசலில் கேட்கும். யார் வாயிலும் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டிய மனிதர். அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான். அதற்கு நான் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

இரண்டாம் நாளே எல்லார் கைப்பேசியிலும் ஒரு படம் வந்தது. கோவிந்தராசு அண்ணனும், ரூம் முதல் லீவு வரை கேம்பையே கையில் வைத்திருந்த அதிகாரியான கேம்ப் பாஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அண்ணன் தோளில் ஒரு கை. கீழே, இவர் கேம்ப் பாஸின் ஆள், ரூமில் பேசுவதெல்லாம் ஆபீஸுக்குப் போகிறது, உஷார் என்று எழுதியிருந்தது. படம் எனக்குத் தெரிந்ததுதான். சைட்டில் பாதுகாப்பு தினத்தன்று ஒரு கூட்டமே நின்று எடுத்துக்கொண்டது. நடுவில் நின்றவர்களை எல்லாம் தூக்கிவிட்டு இந்த இரண்டு பேரையும் ஒட்டியிருந்தார்கள். தோளில் இருந்தது அண்ணனின் ஃபோர்மேன் கை. ஃபோர்மேனை வெட்டியவர்கள் கையை மறந்து விட்டுவிட்டார்கள்.

கேம்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். குடிகாரன் என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். கேம்ப் பாஸின் ஆள் என்றால், நீங்கள் ரூமுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கேம்ப் பாஸோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது எனக்குத் தெரியும். தோற்றோம் என்றே முடிவு கட்டினேன்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்தால் எங்கள் ரூம் வாசலில் வரிசை. ஒருத்தருக்கு ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. ஒருத்தருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை தாங்கவில்லை, ரூம் மாற வேண்டும். சிவகங்கைக்காரர் கருப்பையா, அதுவரை "டேய் கோவிந்து" என்று கூப்பிட்டவர், "அண்ணே, ஒரு வார்த்த நம்மளுக்காகவும்" என்று துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டினார். நான் அவரைத் தனியே இழுத்துப்போய், அந்தப் படம் பொய், அண்ணன் யாருக்கும் ஆள் இல்லை என்று விளக்கினேன். கருப்பையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நமக்கு வேணுங்கறது கேம்ப் பாஸ்கிட்ட பேசுற ஆளுதானப்பா. நல்லவனா கெட்டவனாங்கறத பொண்ணு குடுக்கும்போது பாத்துக்கலாம்."

சிவநேசன் அண்ணையிடம் ஓடினேன். கமிஷனர் தலையிட்டுப் பொய்யைப் பொய் என்று அறிவிக்க வேண்டும் என்று முறையிட்டேன். அவர் பால் கலக்காத சுலைமானி டீயை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"உது பொய்யெண்டு எனக்கும் தெரியும் தம்பி. நான் அறிவிச்சால் உங்கட ஆளுக்குத்தான் வோட்டுக் குறையும். அறிவிக்கட்டோ?"

வேண்டாம் அண்ணை என்று திரும்பிவிட்டேன். கொள்கைக் குன்றாக நின்றேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் மீன் குழம்பின் மணம் அப்போதே மூக்கில் ஏறியிருந்தது. அண்ணன் மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்டூல் போட்டதும் எல்லார் முன்னாலும் எழுந்து, குரல் நடுங்க, "எனக்கு யாரையும் தெரியாதுப்பா. கேம்ப் பாஸுக்கு எம் பேருகூடத் தெரியாது" என்றார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே மேடைப் பேச்சு அதுதான். கூட்டம் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டியது. பெரிய இடத்துச் சம்பந்தம் உள்ளவன் வெளியே சொல்லமாட்டான் என்று பின்னாலிருந்து யாரோ மெச்சிக்கொண்டார்கள். அண்ணனின் ஸ்டூலில் தட்டுகள் ஏறி ஏறி, கடைசியில் ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தங்கராசு பக்கம் அண்ணன் வைத்த தட்டும் இன்னும் சிலதும் கிடந்தன.

மீன் குழம்பு வந்தது. புழுங்கல் அரிசியும் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அண்ணன் போய் உட்கார்ந்தால் பேச்சு தானாகச் சாம்பாரைப் பற்றியோ மழையைப் பற்றியோ மாறிவிடும். குவைத்தில் மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? சீட்டு விளையாடக் கூப்பிடுவார்கள், ஆனால் மரியாதையாகத் தோற்றுக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் கள்ள ஆட்டம் ஆடுகிறாய் என்று கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள், "போடுங்கண்ணே" என்பார்கள். அண்ணன் ஒருநாள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அப்புறம் போகவில்லை. எனக்கு அதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

இந்தக் கதையில் யாருமே எதிர்பாராத ஆள் அடுத்து வந்தார். தங்கராசு. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லீவு கேட்டு எழுதிக் கொடுத்துப் பல வாரம் ஆகியும் பதில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அண்ணன் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய வாய்க்குச் சொந்தக்காரர் அன்று தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"அண்ணே, நான் சும்மா அடிச்சி விட்டதுதான். படமும் நான் வெட்டுனதுதான். ஆனா இத்தன பேரு சொல்லுதான்னா, ஏதோ இருக்கத்தான செய்யும்? எனக்காவ ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அண்ணன் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். போகாதீர்கள் என்று தடுத்தேன். "போவலேன்னா, ஆளு இருந்தும் கெடுத்துட்டான்னு சொல்லுவாங்க தம்பி. கல்யாணம் நிக்கிற பாவம் வேற" என்றார். அவர் சொன்னது சரிதான். இல்லாத செல்வாக்கை இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை, பயன்படுத்தாமல் இருக்கவும் வழியில்லை. இந்தி பேச நானும் கூடப் போனேன்.

கேம்ப் பாஸ் மேஜைக்குப் பின்னால் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்து, "தும் கோன் ஹை பாய்?" என்றார். நீ யாரப்பா என்று கேட்கிறார். பத்தாக்காவைக் காட்டு என்றார். அங்கே அடையாள அட்டைக்கு அதுதான் பேர். அட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். தப்பாகத்தான் படித்தார். எனக்கு அங்கேயே அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அண்ணன் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம், தேர்தலில் ஜெயித்தபோதுகூட நான் பார்க்காதது. விஷயத்தைச் சொன்னோம். தங்கராசுவின் லீவு போன வாரமே ஹெட் ஆபீஸில் பாஸாகிவிட்டது, அந்த ஆள் ஏன் பாஸ்போர்ட்டை வாங்க வரவில்லை என்று எங்களையே திட்டினார். தங்கராசு எதற்கு வருவார்? ஆபீஸ் பக்கம் போனால் தன்னையும் கேம்ப் பாஸின் ஆள் என்பார்களோ என்ற பயம் அவருக்கு.

மெஸ்ஸுக்கு நான் ஓடியே வந்தேன். கேம்ப் பாஸுக்கு அண்ணனைத் தெரியவே தெரியாது, பத்தாக்காவை வாங்கிப் பேர் பார்த்தார், லீவு ஏற்கெனவே வந்து கிடந்தது என்று ஒவ்வொரு பெஞ்சாகச் சொன்னேன். கருப்பையா பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "அடுத்தவன் முன்னாடி தெரிஞ்ச மாதிரி காட்டிக்குவாங்களா? கேட்ட ஒடனே லீவு வந்துருச்சு பாரு" என்றார். தங்கராசு பெட்டி கட்டிக் கிளம்பும்போது வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, கோவிந்தராசு அண்ணன் இல்லையென்றால் என் மகள் கல்யாணம் இல்லை என்று எல்லாரும் கேட்க அழுதார். நிஜமான அழுகைதான். போனவர் திரும்பி வரவில்லை. மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு ஊரிலேயே லோடு வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே வாயும் அவரோடு போயிற்று.

இன்று அந்த கேம்ப் இல்லை. கட்டடத்தைப் புதுப்பித்துக் குடும்பங்களுக்கு விட்டுவிட்டார்களாம். கம்பெனி ஆட்களுக்குச் சாப்பாடு டப்பாவில் அடைத்து வருகிறது. என்ன குழம்பு என்று யாரும் கேட்பதில்லை, அதனால் செக்ரட்டரியும் இல்லை, ஸ்டூலும் இல்லை. சிவநேசன் அண்ணை பிள்ளைகளோடு கனடா போய்விட்டார். கேம்ப் பாஸ் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை.

சலூனிலிருந்து வந்ததும் கோவிந்தராசு அண்ணனுக்கு போன் போட்டேன். ஊரோடு போய் ஆடு வளர்க்கிறார். ஆறு விரல் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவர் பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் இரு தம்பி என்றார். பக்கத்துத் தெருக்காரர், மருமகனுக்குக் குவைத்தில் வேலை வேண்டுமாம், அண்ணனின் மைத்துனர் சொல்லி அனுப்பியிருக்கிறார், அண்ணன் அங்கே கேம்ப் பாஸையே கைக்குள் வைத்திருந்தவர் என்று. அண்ணன் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம், எனக்கு யாரையும் தெரியாதுப்பா. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கூடவே முணுமுணுக்கத் தயாரானேன்.

"சரிப்பா, சொல்லிப் பாக்குறேன்" என்று அண்ணன் அவரிடம் சொல்வது கேட்டது. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பெரிய மனிதர்கள் சொல்கிற மாதிரியே இருந்தது.

எனக்கு யாரையும் தெரியாது என்று மங்காஃபில் மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு மனிதர் இருந்தார். அவரும் இப்போது இல்லை.